அணைக்காத அடுப்பு

"ஏனுங்க, தண்ணி ஒண்ணுக்கு மூணு ஊத்தோணும். நல்லாக் கொழஞ்சாத்தான் புள்ளைக்குத் தொண்டையில எறங்கும்" என்றாள் பழனியாத்தாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மயில்சாமி குக்கரில் தண்ணீரை ஊற்றினார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அடுப்படிக்குள் போனதெல்லாம் பீடி பற்றவைக்கத்தான். கொரோனா வந்து பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்கும் மகள் பொற்கொடியை உள்ளறைக்கும் அனுப்பிவிட்டு, இவர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டது. தினமும் காலையில் பழனியாத்தாள் போனில் சொல்லச் சொல்ல இவர் சமைப்பார். நேற்றுப் புளியைக் கரைக்காமல் அப்படியே ரசத்தில் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அரிசிம்பருப்புச் சோத்துக்கு விசில் எத்தன அம்மணி?"

"சொல்றனுங்க... செத்த இருங்க." இருமல் கேட்டது. போன் நின்றுவிட்டது.

வெயில் ஏறியும் அவள் கூப்பிடவில்லை. இவர் அடித்தாலும் எடுக்கவில்லை. பொற்கொடி வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது. ஆனது ஆகட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தார். குக்கர் முனக ஆரம்பித்தபோது போன் வந்தது. பேசியது நர்ஸ்.

"ஐயா, அம்மா தவறிட்டாங்க. உங்க வீடு தனிமையில இருக்கறதால நீங்க வரமுடியாதுங்க. நாங்களே எல்லாம் பாத்துக்கறோம்."

"மொகத்த மட்டும் ஒருக்கா..."

"முடியாதுங்கய்யா." அந்தப் பெண்ணும் அழுதாள்.

எழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வரும். அவர் கை தானாக அடுப்பை அணைக்கப் போனது. ஆனால் யார் வருவார்கள்? தெருமுனையில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பாழாய்ப்போன நோய், சாய்ந்து அழ ஒரு தோளைக்கூட விட்டுவைக்கவில்லை.

"அப்பா, ஆச்சுங்களா? பசிக்குதுங்ப்பா."

இந்த வாரம் முழுக்கப் பசி என்றே சொல்லாத பிள்ளை. அம்மா போனதை இப்போது சொன்னால் ஒரு வாய் இறங்குமா? சாப்பிட்டு மாத்திரை போடட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மயில்சாமி கையை எடுத்துக்கொண்டார். விசில் வந்தது. மறுபடியும் வந்தது. எத்தனையில் நிறுத்துவது என்று கேட்க ஆளில்லை. அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் அணைத்தார்.

தட்டை உள்ளறை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, வழக்கம்போலத் தள்ளி நின்றார். கதவு திறந்தது, தட்டு உள்ளே போனது, கதவு மூடியது.

"லேசாத் தீஞ்சுபோச்சுங்ப்பா. ஆனா ருசி அம்மா செஞ்சாப்பலயே இருக்குது. அம்மாகிட்டச் சொல்லுங்க, சந்தோசப்படும்."

"சொல்றன் கண்ணு. நீ மொதல்ல சாப்புடு." இருமுவது போலச் சமாளித்தார்.

"கொஞ்சம் நெய் இருக்குதுங்ளா?"

அடுப்படிக்குப் போனார். நெய்யை எங்கே வைத்திருப்பாள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். மிளகு, கடுகு, பெருங்காயம். ஒன்று தெரியாவிட்டால் போனை எடுப்பதே பழக்கமாகியிருந்த கை, இப்போதும் எடுத்து அவள் எண்ணை அழுத்திவிட்டது.

"அம்மாவுக்கா போடறீங்க?" பொத்தான் ஓசை காதில் விழ, உள்ளேயிருந்து பொற்கொடி கேட்டாள். "ஸ்பீக்கர்ல போடுங்ப்பா, நானும் பேசறேன்."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.