டப்பா நிறைய மூடி

கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்திருந்தார் கார் ஏசி மெக்கானிக். கசிகிற இடத்தில் நீட்டினால் கீச் கீச்சென்று கத்தும். மூக்கு பொய் சொல்லாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அது சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

அன்று காலை தங்கை கணவன் மூன்றாம் முறையாக வந்து நின்றான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏசி பத்து நாள்கூடத் தாங்கல மச்சான். நாளைக்கும் இப்படி அனலடிச்சா வேற வண்டி வச்சுக்கறோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. எனக்கு இருக்கறதே அந்த ஒரு டிரிப்புதான்."

மெக்கானிக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. முதல் தடவை குழாய் மூட்டில் நைந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றினார். இரண்டாம் தடவை, கசிவு கூலிங் காயிலில்தான் என்று அடித்துச் சொல்லி, டேஷ்போர்டைப் பிரித்து மேய்ந்து புதுக் காயில் போட்டார். அன்றிலிருந்து டேஷ்போர்டு கடகடவென்று ஆடுகிறது.

"கண்டென்சரா இருக்கும் மாப்ள," என்றார், கெத்துக் குறையாமல்.

"அதையும் கழட்டிட்டா ஸ்டியரிங் மட்டும்தான் மிச்சம்."

வழக்கமாக அவர் முதலில் கேஜை மாட்டி அழுத்தம் பார்ப்பார். கழற்றிய பிறகுதான் மூக்கை எடுப்பார். கேஜ் மாட்டிய வால்வில் அது எப்போதும் கத்தும். இப்போதுதானே கழற்றினோம், மிச்சக் கேஸுக்குக் கத்துகிறது என்று தாண்டிப் போய்விடுவார். இன்று கேஜ் பக்கத்துக் கடைக்கு இரவல் போயிருந்தது. அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மூக்கை நீட்டினார்.

கண்டென்சரில் சத்தமில்லை. குழாயிலும் இல்லை. வால்வருகே போனதும் கத்தித் தீர்த்தது.

இன்று அதை யாரும் தொடவே இல்லையே! சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். ஒரு குமிழி மெல்ல உப்பி உடைந்தது. இன்னொன்று உப்பியது. டயரில் இருப்பது போன்ற சின்ன வால்வுதான். உள்ளே ஊசி சரியாக உட்காரவில்லை. மேலே மூடி இருந்திருந்தால் கேஸை அடக்கியிருக்கும்.

"இதுல மூடி இருந்துச்சே மச்சான்?"

ரோட்டில் எங்காவது விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாப்பிள்ளை நம்பிவிடுவான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவன் முதுகைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"நான்தான் முதல் தடவை கழட்டினேன். திருப்பி மாட்டல. காயில் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. வீணாப் பிரிச்சுட்டேன்."

அவன் ஆடுகிற டேஷ்போர்டை ஒரு தட்டு தட்டினான்.

"இதை உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

கேஜ் திரும்பி வந்தது. புது ஊசி போட்டு, கேஸ் ஏற்றி, மூடிக்காக அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். விளிம்புவரை மூடிகள். கழற்றும்போது தொலைந்துவிடக் கூடாதென்று அவரே பத்திரமாகப் போட்டு வைத்தவை.

"இத்தனை மூடியா! யாரோடது மச்சான் இதெல்லாம்?"

ஒன்றை எடுத்து மாப்பிள்ளை வண்டியில் இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து போனை எடுத்தார்.

"ஐயா, உங்க வண்டில ஏசி இப்ப எப்படி இருக்கு?"