அரை மணி ஆறட்டும்

சரக்கை ஏற்கும் முன் சோதிக்க எண்ணெய் ஆலை அனுப்பிய ஆளைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விச்சு. எட்டு வருஷத்தில் மீசை மட்டும் நரைத்திருந்தது.

மராத்திச் சீமையில், தளேகாவ் என்ற ஊரில் எங்கள் உலர்த்தும் கூடத்தில் சோயாவின் ஈரத்தை அளப்பது என் வேலை. அப்போது அவனும் நானும் சேர்ந்து பார்த்தோம். உலர்த்தியிலிருந்து வரும் சோயா மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். உடனே அளந்தால் மீட்டர் குறைத்துக் காட்டி ஏமாற்றும். அதனால் மூடிய டப்பாவில் அரை மணி ஆறவைப்போம். டீ, ஆளுக்குப் பாதி வடாபாவ். மராத்தி சூப்பர்வைசர் திட்டுவதை அவன் திருநெல்வேலித் தமிழில் நடித்துக் காட்டுவான். சிரித்துச் சிரித்து எத்தனை டீயைக் கொட்டியிருக்கிறேன். அந்த அரை மணிகளுக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன்.

ஒரு மழைநாளில் மகன் ஷ்ரேயஸுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சூட்டோடு அளந்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். என்னை நம்பிப் பதிவேட்டில் விச்சு கையெழுத்துப் போட்டான். முந்நூறு மூட்டை பூசணம் பிடித்தது. எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். "நான்தான் அளந்தேன்" என்றான், அவன் வேலை போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷி நான்.

இன்றைக்குப் புது மீட்டர் பத்தே வினாடியில் ஈரம் பதினொன்று புள்ளி எட்டு சதவீதம் என்றது. பன்னிரண்டு வரை ஏற்பார்கள். லாரி தயாராக நின்றது.

"அரை மணி ஆறட்டும் சார்" என்று விச்சு டப்பாவை மூடினான்.

"பட்ட பிறகு பொறுமை வந்திருக்குய்யா உனக்கு" என்று எங்கள் மேலாளர் கோவிந்தராஜன் சிரித்தார். விச்சுவும் கூடவே சிரித்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

டீ வந்தது. வடாபாவைப் பிய்த்து, மிளகாயை எடுத்துவிட்டு, பாதியை என்னிடம் நீட்டினான். எனக்குக் காரம் ஆகாது என்பதை மறக்கவில்லை. வாங்கி மேஜையில் வைத்தேன்.

"சார், அன்னைக்குச் சூட்டோட அளந்தது நான். விச்சு இல்ல."

கோவிந்தராஜன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பையனுக்கு இப்ப என்ன வயசு?" என்றான் விச்சு.

"பன்னெண்டு."

அவன் டப்பாவைத் திறந்து அளந்தான். பதிமூன்று புள்ளி நான்கு. எழுதிவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினான்.

"இந்தத் தடவ கையெழுத்த நீ போடு."