பச்சையும் சிவப்பும் சந்தித்தபோது

கீய்ய்ங்! கீய்ய்ங்!

சோறும் பொரித்த மீனும் பாதியில் கிடக்க, பிம்மும் நானும் மாடிக்கு ஓடினோம். ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஏசி நின்றுபோயிருந்தது. பாங்காக்கின் ஏப்ரல் வெயிலைத் தாங்காமல் நுண்ணோக்கியின் லேசர் அலறிக்கொண்டிருந்தது.

இயந்திரத்துக்கு நான்தான் பொறுப்பு. சுவிட்சுக்குக் கை நீட்டினேன். பிம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிட் அண்ணே, ஒரு நிமிஷம்!"

"லேசர் வெந்துபோச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் வித்தாலும் வாங்க முடியாது. விடு!"

"திரையைப் பாருங்க. அசையுது!"

அன்று காலை கீழ்த்தள அறுவை அரங்கில் ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து அறுத்தெடுத்த டான்சில் சதையின் மெல்லிய சீவல் அது. வழக்கம்போல் கைகூப்பி வணங்கித்தான் பிம் வாங்கி வந்திருந்தாள். நோயெதிர்ப்புச் செல்களில், கிருமியின் துணுக்கை விழுங்கிய பி செல்லுக்குப் பச்சைச் சாயம். அதைச் சோதித்துச் சம்மதம் சொல்லவேண்டிய டி செல்லுக்குச் சிவப்பு. இரண்டும் கூடினால்தான் பச்சை பெருகும், கிருமியை மடக்கும் ஆன்டிபாடி பிறக்கும்.

மூன்று மாதமாக எல்லாச் சீவலிலும் செல்கள் கல்லாகக் கிடந்தன. 'வெட்டியெடுத்த டான்சிலில் இவை நகர்வதில்லை' என்று எங்கள் தலைவி டாக்டர் வனிடா பத்து வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். திங்கட்கிழமை நுண்ணோக்கி வேறு துறைக்குப் போகிறது. பிம்மின் ஆராய்ச்சிக்கு இதுதான் கடைசிச் சீவல்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பச்சை ஒன்று ஊர்ந்தது. நெரிசலில் நெளிந்து, முட்டி, ஒதுங்கி, யாரையோ தேடுவது போலப் போனது.

"எப்படிடீ இது? சீவலுக்கு அடியில இருக்கிற தட்டு எப்பவும் உடம்புச் சூட்டுலதானே இருந்துச்சு?"

"அடியில சரிண்ணே. மேல ஒட்டிக்கிட்டிருக்கிற லென்ஸ்? உங்க ஏசியில அது ஐஸ் கட்டி. பாவம், குளிர்ல வெறச்சுக் கெடந்திருக்குங்க!"

கதவு படாரென்று திறந்தது. டாக்டர் வனிடா, ஆய்வுக்கூட ஏசிக் குளிருக்கு எப்போதும் போடும் ஸ்வெட்டரோடு.

"கிட்! காது செவிடா? அணைச்சுத் தொலை!"

"டாக்டர், இங்கே..." பிம் திரையைச் சுட்டிக்காட்டினாள்.

திரையில் பச்சை சிவப்பைத் தொட்டது. விலகவில்லை. தட்டையாகப் பரந்து, அணைத்து, ஒட்டிக்கொண்டது. பிறகு பச்சை முன்னே நகர, சிவப்பு அதன் முதுகைப் பிடித்தபடி பின்னாலேயே போனது, திருவிழாக் கூட்டத்தில் பிடித்த கையை விடாத ஜோடி போல. ஒரு குழந்தையின் தொண்டைக்குள் யாருக்கும் தெரியாமல் இப்படித்தான் நடந்துகொண்டிருந்ததா?

டக். லேசர் தானாகவே அணைந்தது. திரை இருண்டது.

"பதிவாயிடுச்சு," என்றேன். "ஏழு நிமிஷம்."

பிம் அழுதாள். டாக்டர் வனிடா இருண்ட திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஸ்வெட்டரை மெதுவாகக் கழற்றினார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் இந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தான் பார்த்தேன், பிம்."