மொட்டை மாடி ரகசியம்

இப்போதெல்லாம் முத்தியால்பேட்டையில் போனில் யார் எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்? மைக் படத்தை அமுக்கி வாயாலேயே கேட்டுவிடுகிறார்கள். வெரோனிகா பிரியாணிக்குத் தண்ணீர் அளவு கேட்பாள். கீழ்வீட்டுக் கோவிந்தராசு சென்னை பஸ் நேரம் கேட்பார். வெரோனிகாவின் கணவன் மார்ட்டினுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவன் கேட்டது ஊருக்குத் தெரியக்கூடாத சங்கதி.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் மிஷினில் வருஷக்கணக்காக நிற்கிறவன் அவன். அந்த இரைச்சலில் பக்கத்து ஆளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தியாக வேண்டும். கத்திக் கத்தி அவன் குரலே அப்படி ஆகிவிட்டது. கொஞ்ச காலமாகக் காதும் மந்தம். போன மாதம் எச்சரிக்கை மணி அடித்தது தெரியாமல் நின்றிருக்கிறான். பக்கத்திலிருந்தவன் இழுத்ததால் கை தப்பியது. அதே கம்பெனியில் கோவிந்தராசுதான் சூப்பர்வைசர். அவர் காதுக்குப் போனால் வேலை போய்விடும், மகள் படிப்பு நின்றுவிடும் என்று மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல்.

ஆகவே மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, போனை வாயருகே பிடித்து ரகசியமாகக் கேட்டான்.

“காது கேக்கலன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்களா?”

ரகசியம் என்று நினைத்தது அவன் ஒருவன்தான். பதில் காதில் சரியாக விழவில்லை என்று போன் சத்தத்தையும் முழுசாகக் கூட்டினான். மாதா கோயில் ஒலிபெருக்கி தோற்றது, போங்கள்!

தெரு என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டது. எதிர்மாடி ராஜாம்பாள் காயாத துணியைக்கூட அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெரோனிகா அடுப்படியில் நின்று அழுதாள். மேலே ஓடக் கால் பரபரத்தது. ஆனால் அவன் ரோஷம் அவளுக்குத் தெரியும். தானாகச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அவன் சொல்லவில்லை. தினமும் மாடிக்குப் போய் போனிடம்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் மறுபடி மாடியேறினான்.

“பொண்டாட்டிகிட்ட இத எப்புடிச் சொல்றது?”

மனம் விட்டுப் பேசுங்கள் என்று போன் பொதுவாகப் புத்தி சொன்னது. பொறுத்தது போதும் என்று வெரோனிகா படியேறினாள்.

“அதான் சொல்லிட்டீங்களே” என்றாள் பின்னாலிருந்து.

அவன் திரும்பவில்லை. கேட்டால்தானே! அவள் முன்னால் போய் நின்று, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு தெரிய நிறுத்திச் சொன்னாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரெண்டு பேரும்.”

மார்ட்டின் போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான். “உனக்கு யாரு சொன்னது? கோவிந்தராசு அண்ணனுக்குத் தெரியுமா?”

“நீங்கதான் சொன்னீங்க. ஒரு வாரமா தெருவுக்கே சொல்லிட்டிருக்கீங்க. அண்ணன் மொத நாளே வந்துட்டாரு. பேக்கிங்ல எடம் இருக்குதாம், மிஷின் சத்தம் கெடையாதாம், மொதலாளிகிட்ட பேசி வாங்கி வச்சிட்டாரு. எங்க காதுல விழுந்துச்சின்னு மட்டும் சொல்லிடாதம்மா, சங்கடப்படுவான்னாரு.”

அவன் கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தான். கீழே கோவிந்தராசு வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மார்ட்டின் தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக, வெரோனிகாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: “தங்கமான மனுஷன்.”

கீழே கோவிந்தராசு தலையைத் தூக்காமலே, துணி பிடித்த கையை உயர்த்திக் காட்டினார்.