ஒரு கார் இடைவெளி

அந்த ஊரில் ஸ்டியரிங்கைப் பிடித்த பாதிப் பேருக்கு அவளிடம் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அவளுடைய கால் அதன் மேல்தான் இருக்கிறது. அதனால் 'பிரேக் டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர்களை அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்தக் கால் சரியான நேரத்தில் அழுத்தியிருக்காவிட்டால் அவர்களில் சிலர் பெயர் வைப்பதற்கே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

எந்த மாணவர் வந்தாலும் முதல் நாள் முதல் பாடம் ஒன்றுதான். "முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு கார் நிக்கிற இடம் இருக்கணும். இடம் இருந்தா உயிர் இருக்கு." இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த கணவர் பயந்துபோய்த் தள்ளிப் படுத்துக்கொண்டார். பாவம், அவரும் அவளிடம் படித்தவர்தான். டெஸ்டில் மூன்று முறை கோட்டைவிட்டு, நாலாவது முறை லைசென்ஸ் வாங்கிய கையோடு டீச்சரையும் கேட்டுவிட்டார்.

நாற்பதாவது வயதில் அவளுக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது. நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு மக்கர் செய்ய, நாத்தனார் தன் பழைய பந்தய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க அண்ணி. பிடிக்கலைன்னா துணி காயப்போட வெச்சுக்கங்க." அந்த ஒரு மாதம் இரண்டு வருஷமாக நீண்டுவிட்டது. துணி இன்றுவரை கொடியில்தான் காய்கிறது.

நாத்தனார் பல் டாக்டர். அடுத்தவரை வாயை மூடவிடாமல் பார்த்துக்கொள்வதே தொழில் என்பதால், தன் வாயையும் மூடிப் பழக்கமில்லாதவள். சைக்கிள் சங்கத்தின் பெண்கள் அணிக்குக் கேப்டன் அவள்தான். அடுத்த மாதம் நான்கு பேர் கொண்ட அணிகளுக்கான பந்தயம் ஒன்று இருந்தது. மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி பிரேக் டீச்சர். இன்னொருத்தி மருந்துக்கடைக்காரி, இருபத்தைந்து வயது, நாளெல்லாம் கடை ஏணியில் ஏறி இறங்கியே தொடை இரும்பாகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துல உங்க ரெண்டு பேர்ல யார் முன்னாடி வர்றாங்களோ அவங்களுக்குத்தான் இடம்," என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். "அண்ணிங்கிறதெல்லாம் வீட்டோட. ரோட்டுல நான் யாருக்கும் நாத்தனார் இல்ல."

"வீட்டுல மட்டும் ரொம்பத் தாங்கறியாக்கும்," என்றாள் இவள்.

வாய்தான் கேலி பேசியது. அந்த இடம் அவளுக்கு வேண்டும், அப்படி வேண்டும். மாதாமாதம் லைசென்ஸ் ஆபீஸ் சுவரில் தேறியவர்கள் பட்டியலை ஒட்டுவார்கள். அவள் போய் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தன் மாணவர்களின் பெயரைத் தேடுவாள். இருந்தால் சந்தோஷப்படுவாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பட்டியலில் விரல் போயிருக்கிறது; எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இப்போது ஒரு பட்டியலில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வந்த ஆசையை மறைக்கிற வயதையும் அவள் தாண்டிவிட்டாள்.

இதுவரை ஒரு பந்தயத்திலும் ஓட்டியதில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. ரோட்டைப் பற்றித் தனக்குத் தெரியாதது இனிமேல் யாராவது கண்டுபிடித்தால்தான் உண்டு என்பது அவள் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பத்தாறு பெண்கள் கோட்டில் நின்றார்கள். சுற்றுக்கு ஏழு கிலோமீட்டர், மொத்தம் ஆறு சுற்று. கிடங்குகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, ஒரு ரவுண்டானாவைச் சுற்றி, நீளமான நேர்ரோட்டில் திரும்பி வந்தால் மறுபடியும் கோடு. கணவர் தண்ணீர் பாட்டிலோடு மேட்டில் இடம் பிடித்திருந்தார்.

விசில் ஒலித்தது. அவள் பத்தாவது ஆளாகக் கிளம்பினாள். முன்னால் போனவளுக்கும் தனக்கும் நடுவில் அளந்து வைத்தது போல ஒரு கார் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் ஒருத்தி வந்து நுழைந்தாள். சரி போகட்டும் என்று அவளுக்கும் ஒரு கார் இடைவெளி விட்டாள், அதில் இன்னொருத்தி. ஒவ்வொரு திருப்பத்திலும் முறையாகக் கை காட்டினாள்.

"யாருக்கும்மா டாட்டா காட்டற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

முதல் சுற்று முடியும்போது பத்தாவது ஆள் முப்பத்தாறாவது ஆளாகியிருந்தாள். இரண்டாவது சுற்றில் கூட்டம் அவளைவிட்டு விலகத் தொடங்கியது. மூன்றாவதில் கூட்டத்தின் கடைசிச் சக்கரம் முப்பது அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. எதிர்காற்று முகத்தில் அறைந்தது. மருந்துக்கடைக்காரி கூட்டத்தின் நடுவில் யாரிடமோ சிரித்துப் பேசியபடி போவது தெரிந்தது. மேட்டில் கணவர் கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"பாத்து! மெதுவா! மெதுவா போ!"

"இதுக்கு மேல மெதுவாப் போனா கீழ விழுந்துருவேன்!" என்று திருப்பிக் கத்தினாள்.

அவளுக்கு வந்தது பயமில்லை, கோபம். ரோட்டைக் கரைத்துக் குடித்தவள் கடைசியில் போவதாவது? கோபம் வந்தால் அவள் முதலில் பார்ப்பது கால்களை. எந்த மாணவனும் தப்புப் பண்ணுவதற்கு முன்னால் அவன் கால்தான் காட்டிக்கொடுக்கும். முன்னால் போகிறவர்களின் கால்களைப் பார்த்தாள். பாதிக் கால்கள் சும்மா இருந்தன. நாலு மிதி மிதித்துவிட்டு ஓய்வெடுத்தன. இவள் கால்கள் மட்டும் ஒரு நொடி நிற்காமல் மாவாட்டிக்கொண்டிருந்தன. முன்னால் இருப்பவள் காற்றை வாங்கிக்கொள்கிறாள், அவள் முதுகை ஒட்டிப் போகிறவளுக்கு அந்த வேலை மிச்சம். நாத்தனார் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது எதுதான் காதில் ஏறியது?

அப்படியானால் இங்கே இடம் விட்டால்தான் உயிர் போகும். பத்தொன்பது வருஷத்துப் பாடத்தை அவள் அந்த மேட்டிலேயே மூட்டை கட்டி வைத்தாள்.

முதலில் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். ரவுண்டானா வந்தது. முன்னால் போன அத்தனை பேரும் பயந்துபோய் சீக்கிரமாகவே பிரேக்கைப் பிடித்தார்கள். இவள் விரலைக்கூட மடக்கவில்லை. பிரேக்கை எப்போது பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவளுக்குத்தான் எப்போது பிடிக்கக் கூடாது என்பதும் தெரியும். உடம்பைச் சாய்த்து ஒரே வீச்சில் திரும்பினாள். முப்பது அடி பத்து அடியானது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இருபது மிதி. கடைசிச் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் ஒட்டிக்கொண்டதும் காற்று சட்டென்று நின்றது, யாரோ ஜன்னலைச் சாத்தியது போல.

ஒரு சாண் என்பது விளையாட்டில்லை. உள்ளங்கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன கிறுக்குத்தனம் செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் அவள் பிழைப்பே. இப்போது பக்கத்துக்குப் பதில் முதுகைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சிவப்புச் சட்டைக்காரி குழியைப் பார்த்தால் வலப்பக்கம் வெட்டுவாள். அந்த நீலத் தொப்பிக்காரிக்கு மூச்சு வாங்குகிறது, இன்னும் ஒரு நிமிஷத்தில் விட்டுவிடுவாள். சொல்லிவைத்தது போல விட்டாள். நாலாவது சுற்றில் பலசாலிகள் இரண்டு பேர் கூட்டத்தைப் பிரிந்து கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். இவள் அவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒவ்வொரு முதுகாகத் தாண்டி, கடைசிச் சுற்றின் மணி அடித்தபோது நாத்தனாரின் பின்சக்கரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரி.

"வந்துட்டீங்களா டீச்சர்?" என்றாள் அவள், மரியாதையாகத்தான்.

"வழியெல்லாம் நீதான் பேசிட்டே வந்தே. இப்ப மூச்சைச் சேத்து வெச்சுக்கோ."

மேடு ஏறி இறங்கினார்கள். ரவுண்டானாவும் போயிற்று. நேர்ரோடு தொடங்கியதும் கூட்டம் முழுக்க ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்துக்கொண்டு வந்தது. யார் முதலில் பாய்வாள்? நாத்தனார்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஒருத்திக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் நாத்தனாரும் இதே டீச்சரிடம்தான் கார் படித்தாள், இருபத்திரண்டு நாள். ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிப்பதற்கு முன்னால் அவளுடைய இடது தோள் காது வரைக்கும் ஏறி இறங்கும். தோள் ஏறினால் போதும், டீச்சர் காலைத் தயாராக வைத்துக்கொள்வாள். எவ்வளவு திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

இடது தோள் ஏறியது.

நாத்தனார் பாய்ந்த அதே நொடியில் இவளும் பாய்ந்தாள். மற்றவர்கள் விழித்துக்கொள்வதற்குள் இரண்டு பேரும் ஐம்பது அடி போய்விட்டார்கள். நாத்தனாரின் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. கோடு முந்நூறு மீட்டர் தூரத்தில் தெரிந்தது. இப்படியே ஒண்டிக்கொண்டு போனால் நாலாவது இடம், மருந்துக்கடைக்காரிக்கு முன்னால். கணக்குப் போட்டுப் பார்த்து மனசு குளிர்ந்த அந்த நேரத்தில்தான் நாத்தனாரின் தலை ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டமும் டீச்சருக்குத் தெரியும். சரக்குத் தீர்ந்துவிட்டது.

பின்னால் சக்கரங்களின் இரைச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது. கார்ப் பழக்கத்தில் நெற்றிக்கு மேலே பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் தேடினாள். சைக்கிளில் ஏது கண்ணாடி? பார்க்காமலேயே தெரிந்தது, அது மருந்துக்கடைக்காரிதான். ஒண்டியிருந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். வெளியே வந்தால் மிச்ச தூரம் முழுக்கத் தன்னந்தனியாகக் காற்றை வாங்க வேண்டும். நாத்தனாரையும் தாண்ட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடும்பத்தில் எதுவானாலும் நாத்தனார்தான் முதலில் பேசுவாள், இவள் அப்புறம்தான். ரோட்டில் நான் யாருக்கும் நாத்தனார் இல்லை என்று அவளே சொன்னாளே.

இவள் வலது கையை நீட்டினாள். விரல்கள் விறைப்பாக, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது போல, முந்தப்போகிறேன் என்று முழுசாகக் கை காட்டினாள். அப்புறம்தான் விலகி, ஹேண்டிலை இறுகப் பிடித்து மிதித்தாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அவளுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒருத்தரும் இல்லை, ஒரு முதுகும் இல்லை, ஓட்டுவது அவள்தான்.

மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். அரைச் சக்கரம் பின்னால் மருந்துக்கடைக்காரி. நாத்தனார் ஐந்தாவது.

மருந்துக்கடைக்காரி ஹேண்டில் மேல் கவிழ்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு நிமிர்ந்து கையை நீட்டினாள். "அடுத்த வருஷம் விடமாட்டேன் டீச்சர்."

"விடாதே. அதுக்குள்ள பின்னாடி ஒட்டிப் போறது எப்படின்னு நானும் நல்லாக் கத்துக்கறேன்."

கணவர் மேட்டிலிருந்து ஓடியே வந்திருந்தார். பாட்டிலில் பாதித் தண்ணீர் அவர் சட்டையில் இருந்தது. "மெதுவாத்தானே போகச் சொன்னேன்?" என்றார், கண் கலங்க.

நாத்தனார் ரோட்டோரத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். படுத்தபடியே கேட்டாள். "அண்ணி, உயிர் போற வேகத்துல யாராச்சும் கை காட்டிட்டு முந்துவாங்களா? அந்த ஒரு நொடியில அவ உங்களைப் பிடிச்சிருந்தா?"

"கை காட்டாம முந்தினவங்க ஒருத்தரையும் நான் டெஸ்டுக்கு அனுப்பினதில்ல. உன்னையும் சேத்துத்தான்."

"அது கிடக்கட்டும். நான் எப்ப கிளம்புவேன்னு எப்படித் தெரிஞ்சுது? என் சங்கத்துல ஒருத்திக்கும் தெரியாதே."

"இருபத்திரண்டு நாள் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்டி," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

நாத்தனார் எழுந்து உட்கார்ந்து, பையிலிருந்து அணிப் பந்தயத்துக்கான படிவத்தை எடுத்தாள். மூன்று வரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. முட்டி மேல் வைத்து நாலாவது வரியில் எழுதினாள். பிரேக் டீச்சர் என்று இல்லை, இனிஷியலோடு முழுப் பெயர்.

"எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்கங்க."

அவள் படிவத்தை வாங்கி, பழக்கதோஷத்தில் முதல் வரியிலிருந்தே விரலை வைத்து இறக்கினாள். நாலாவது வரியில் விரல் நின்றது. பிழை ஒன்றும் இல்லை. நாத்தனார் காகிதத்தைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். இவளுக்கு விரலை எடுக்க மனசு வரவில்லை.