விளக்கு வைப்பதற்குள் வர வேண்டும்

எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டிய வீட்டு ஆட்கள் வெளியூர் போகலாம், வரலாம். ஆனால் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டு நேர்த்திக்கடன் செல்லாது. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தக் கட்டுப்பாடு தெரிந்தும், ஐம்பது வயதில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

இந்த வருஷம் தீச்சட்டி எடுப்பது என் வீட்டுக்காரர் இருளப்பசாமி. எல்லாம் என் கண்ணுக்காகத்தான். கண்ணில் புரை விழுந்து, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல ஆகி, பத்து மாதம் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சும்மா இருந்த ஆட்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். முடிந்தது. மூன்று நாளாக ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறார்.

வியாழக்கிழமை பூசைச் சாமான் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனேன். வாங்கிய கையோடு கால் நூலகத்துக்குள் நுழைந்துவிட்டது. அங்கே, நான் பாதியில் விட்ட அதே நாவல்! கைக்குழந்தையோடு பாக்கியம் புயலில் படகேறிய இடத்தில் விட்டிருந்தேன். பத்து மாதமாக ஒரு பச்சை உடம்புக்காரியை நடுக்கடலில் நிறுத்திவைத்திருந்தால் மனசு கேட்குமா?

எங்கள் ஊர் வழியாகப் போகும் நரிக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். அடடா! ஒவ்வொரு எழுத்தும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. நம் ஊர்க் கரிசலும் வேலிக்கருவையும் வெளியே ஓடிக்கொண்டிருக்க, நான் பாக்கியத்தோடு தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, நரிக்குடி வந்தாச்சு. எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ஊருல என்னைய ஏன்யா எழுப்பல?"

"தூங்குனா எழுப்பலாம். நீங்க முழிச்சுல்ல இருந்தீக! ஊருப் பேரச் சொல்லி மூணு வாட்டி கத்துனேன்."

நல்லவேளை, திரும்பும் பஸ்ஸுக்குக் கால்மணி நேரம்தான் இருந்தது. நிழலில் உட்கார்ந்தேன். இங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. படகில் ஓட்டை விழுந்திருக்கிறது, என்ன ஆச்சோ, ஒரே ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று திறந்தேன். நிமிர்ந்தபோது என் பஸ் முக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்னை நானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அடுத்த பஸ் ஏழரை மணிக்கு. அதற்குள் இருட்டிவிடும். எனக்காக அந்த மனுசன் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார், நான் அதைக் கெடுக்கப் பார்க்கிறேன். அவருக்குப் போன் போடவும் தைரியம் இல்லை. ரோட்டோரம் நின்று அழுதேவிட்டேன்.

ஆட்டு லோடு ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று நின்றது. ஓட்டிவந்தவர் பெயர் சுப்புராஜ்.

"ஆட்டு வாடையப் பொறுத்துக்கிருவீகன்னா ஏறுங்கக்கா."

"இன்னைக்கு ஆட்டோட ஆடாக்கூட நின்னு வருவேன் தம்பி."

வழியில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருபக்கமாகப் போனது. "அப்புறம் அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?"

"தெரியலையே. அதுக்குள்ளதான் பஸ்ஸு போயிருச்சே."

"இப்பப் படிச்சுச் சொல்லுங்களேன். வெளிச்சம் இருக்குல்ல?"

"போதும் சாமி! இனி அதைத் தொட்டேன்னா கேளு."

ஊர் எல்லை வந்தபோது பொழுது விழ இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எல்லைக்கல் பக்கத்தில் மஞ்சள் வேட்டியோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் புத்தகமும் கையுமாக இறங்காமலே போன கதையை, அதே பஸ்ஸில் முன்பக்கம் இருந்து ஊரில் இறங்கிய பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் முன்னாடியே வந்து ஒப்பித்துவிட்டாள்போல.

"மன்னிச்சுருங்க" என்றேன். "எறங்குற எடத்தையும் விட்டுட்டேன், திரும்புற பஸ்ஸையும் விட்டுட்டேன்."

"படிச்சுக்கிட்டேவா?"

"ஆமா."

"கண்ணு வலிச்சுச்சா?"

"இல்ல."

"தண்ணி வடிஞ்சுச்சா?"

"இல்லங்க. நல்லாத் தெரிஞ்சுச்சு."

கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பத்து மாசமா நீ வீட்டுலயே கெடந்த. ஆனா, நீ எங்கயோ போயிட்ட மாதிரி இருந்துச்சு தங்கம். இன்னைக்கு ஒச்சம்மா வந்து சொன்னப்பத்தான், நீ திரும்பி வந்துட்டன்னு தெரிஞ்சுச்சு."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினேன். அவர் சாமான் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். புத்தகத்தை மட்டும் என் கையிலேயே விட்டுவிட்டார்.