பதினான்காம் நாள் கிளம்பிவிட வேண்டும்

விசா மறுப்புக் கடிதத்தைப் பல்செட்டுக்காரர் நாலாவது தடவையாகப் படித்தார். வெளிநாட்டில் இருக்கும் அக்காவைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இவர்தான் போயாக வேண்டும். போனால் திரும்பி வருவார் என்று விசா அதிகாரிகளால் நம்ப முடியவில்லையாம்.

மேல்முறையீட்டுக்கு அவர் திரட்டிய ஆதாரம் அவருக்கே பெருமையாக இருந்தது. அவரிடம் பல்செட் கட்ட வந்து, மேல் செட்டை மட்டும் மாட்டிக்கொண்டு, கீழ் செட்டுக்காகக் காத்திருக்கும் ஒன்பது பேரின் கையெழுத்து.

"ஒன்பது வாயை அம்போன்னு விட்டுட்டு நான் எங்கம்மா போவேன்?"

வக்கீலம்மா அதை ஓரமாக வைத்தார். "பல்லுல ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். உங்க அக்காதான் பிரச்சினை."

அக்காவின் அழைப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். 'இது அவன் வீடு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். யார் கேட்கப் போகிறார்கள்?'

கேட்டுவிட்டார்கள். மறுப்புக் கடிதம் அந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது.

தம்பி எந்த நாளில் கிளம்புவார், அதற்குமேல் ஏன் தங்க மாட்டார் என்று அக்கா புதிதாக எழுதித் தர வேண்டும். ஒரு வரிகூடப் பொய் இருக்கக் கூடாது என்று வக்கீலம்மா கறாராகச் சொன்னார்.

போனில் அக்கா பிடித்த பிடியை விடவில்லை. கூடப் பிறந்தவனை வா என்று கூப்பிடும்போதே எப்போது கிளம்புகிறாய் என்று எழுத அவள் என்ன லாட்ஜா நடத்துகிறாள்? தம்பி கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், "அப்ப நான் வரவே முடியாதுக்கா" என்றார். அக்கா வக்கீலம்மாவின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான்கு நாளில் கடிதம் நேராக வக்கீலம்மாவுக்குப் போனது. மூன்று பக்கம். படிக்கும்போது நடுவில் ஒருமுறை அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்செட்டுக்காரர் எவ்வளவோ எட்டிப் பார்த்தும், தீர்ப்பு வரட்டும் என்றுவிட்டார்.

தீர்ப்பு சாதகமாகவே வந்தது.

'அழைப்பவர் தம் தம்பியைப் பதினான்கு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதில் எமக்கு ஐயமில்லை. குறட்டை, கட்டிலில் போடும் ஈரத் துண்டு, சமையலறைக்குள் வந்து சொல்லும் யோசனைகள் ஆகியவை விரிவாக விளக்கப்பட்டுள்ளன. ஒன்பது வாய்களைப் பற்றி ஆராயத் தேவை எழவில்லை.'

ஜெயித்த சந்தோஷம் அரை மணி நேரம் நின்றது. பிறகு ஒரு கேள்வி அரிக்க ஆரம்பித்தது. அக்காவுக்குப் போன் போட்டார்.

"விசா கிடைச்சிருச்சுக்கா. அந்த லெட்டர்... சும்மா கேஸுக்காகத்தானே எழுதின?"

"பொய் எழுதக் கூடாதுன்னு உன் வக்கீல் சொன்னாங்களேடா."

"பதினோரு வருஷமா அந்தத் துண்டையா ஞாபகம் வச்சிருக்க?"

"நீ வா. உன் துண்டுக்குன்னே தனியா ஒரு கொடி கட்டச் சொல்லியிருக்கேன்."

அன்றைக்கே அவர் டிக்கெட் எடுத்தார். திரும்பி வருவதற்கும் சேர்த்து, பதிமூன்றாம் நாளுக்கு. ஒரு நாள் கையிருப்பாக இருக்கட்டும்.